ருக்மிணி தேவி நுழைய முடியாத பெட்டி

போன வாரம் பெங்களூர் தொம்மலூர் வீட்டுக்குப் பெரியம்மா வந்திருந்தார். கண் பரிசோதனைக்கு ஆன்லைனில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். பிறந்த தேதி 29-02-1952 என்று அடித்ததும் ‘சரியான தேதியை உள்ளிடவும்’ என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி சிவப்பு. “ஏண்டா, நான் பொறந்ததையே ஒத்துக்க மாட்டேங்குதா?” என்றார் பெரியம்மா.

அந்தத் தேதிப் பெட்டியை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் ஐடி பார்க் பக்கத்து டீக்கடையில் அவரைத் தினமும் பார்க்கிறேன். “டேட் வேலிடேஷனா? ஒரு ரெஜெக்ஸ் போட்டா முடிஞ்சுது அண்ணா.” ரெஜெக்ஸ் என்றால் எழுத்துகளின் வடிவத்தைச் சரிபார்க்கும் சூத்திரம். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28 என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு டீ குடிக்க வந்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் தலையில் கட்டுகிற வேலை என்றால் இதுதான்.

ருக்மிணி தேவி அருண்டேல் மதுரையில் பிறந்தது 1904 பிப்ரவரி 29. கலாக்ஷேத்ராவை உருவாக்கியவர் இந்தப் பெட்டியில் நுழைய முடியாது. 1977-இல் அவரைக் குடியரசுத் தலைவராக்க விரும்பிய அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாயும் முடியாது. அவர் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 நான்கால் வகுபடும், ஆனால் நூறாலும் வகுபட்டு நானூறால் வகுபடாததால் லீப் ஆண்டு இல்லை. அதனால் மொரார்ஜி அடுத்த பிப்ரவரி 29-ஐப் பார்க்க எட்டு வயது வரை காத்திருந்தார். அந்த நாளில்தான் ருக்மிணி தேவி பிறந்தார். பதவி வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. ராஷ்டிரபதி பவனில் ஏதாவது படிவம் நிரப்பச் சொல்லியிருப்பார்கள்.

உண்மையான நாளைத் துரத்துகிற இவர்கள் பொய் நாளையாவது பிடிக்கிறார்களா? இந்தப் படிவங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டிடம் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனி எண்ணாக 2023 பிப்ரவரி 31-ஐக் கொடுத்துப் பாருங்கள். மூச்சு விடாமல் மார்ச் 3 என்று வாங்கி வைத்துக்கொள்ளும். (மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற மேதாவித்தனம் வேறு.) உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் திரும்ப எடுத்து, கொடுத்ததோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு வரி வேலை. எழுத மாட்டார்கள். இல்லாத நாளுக்கு மார்ச்சில் ரிசர்வேஷன், இருந்த ருக்மிணி தேவிக்குச் சிவப்பு எழுத்து!

அதே ஜாவாஸ்கிரிப்டிடம் 03/04/2024 என்று எழுத்தாகக் கொடுத்தால், நமக்கு ஏப்ரல் 3, அதற்கு மார்ச் 4. பன்னிரண்டாம் தேதி வரை இப்படித் தலைகீழாகப் படித்துக்கொண்டே ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். பதின்மூன்றாம் தேதிதான் விழித்துக்கொள்ளும். மாத முதல் வாரத்தில் சோதித்துவிட்டு ரிலீஸ் செய்கிறவர்கள் புண்ணியவான்கள். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஜூரே கிளவுட் சேவை படுத்ததும் இந்த அலட்சியத்தால்தான்: சான்றிதழ் முடியும் தேதிக்கு ஆண்டோடு ஒன்றைக் கூட்டி, 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளைப் போட்டார்கள்.

இதே தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இங்கே குடியிருக்கிற மென்பொருள்காரர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்களோ! பழைய கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டோடு திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்தே வரும். ஒன்று பிசகினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகளை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் அப்படித்தான் சரிபார்த்தார்கள். உளி பிடித்தவனுக்கு இருந்த முன்யோசனை லேப்டாப் பிடித்தவனுக்கு இல்லை.

தேதியோடு விட்டார்களா? ‘கடைசிப் பெயர்’ கட்டாயமாம். பெரியம்மாவுக்கு இருப்பது ஓர் இனிஷியல். ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்றது பெட்டி. இரண்டு தடவை அடித்தேன், ஏற்றுக்கொண்டது.

கடைசியில் பெரியம்மாவை மார்ச் 1-இல் பிறக்கவைத்துப் பதிவை முடித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “டேட் மேட்ச் ஆக்தா இல்ல சார்.”

பெரியம்மா என்னைப் பார்த்தார்.