விற்பதற்கும் ஒரு தேர்வா?

மூன்றாம் ஆண்டு, வணிகவியல்

கல்லூரி ஆண்டு மலரில் ஒரு மாணவன் கணினி ஆட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால், பேராசிரியப் பெருமக்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "படிக்கிற பிள்ளைக்கு இதுவா வேலை?" என்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், வணிகவியல் பயிலும் எனக்குச் சந்தை எங்கே கூடினாலும் சந்தைதான். அது ரிஷிவந்தியம் கடைத்தெருவில் இருக்கட்டும், கண்ணாடித் திரைக்குள்ளே இருக்கட்டும். யார் விற்கலாம், யாரிடம் விற்கலாம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விகள் அங்கே எழத்தான் செய்கின்றன. விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் இந்தக் கேள்வியின் மீது வழக்காடும் நண்பர்களுக்காகவும், அவர்கள் எதற்காக இப்படிச் சத்தம் போடுகிறார்கள் என்று வியக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

'ரோல் பிளேயிங் கேம்' என்பது வேடம் கட்டி ஆடும் ஆட்டம். தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டுகிறவர் முடி தரித்து அரங்கேறும்போதே வில்லாளி. கணினி ஆட்டத்திலோ வேடம் கட்டியவன் வெறும் ஆளாகத்தான் உள்ளே நுழைகிறான். வாள்வீச்சு, மந்திரம், பூட்டுத் திறத்தல், பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாள் வீச வீச வாளின் எண் ஏறும். பேசப் பேசப் பேச்சின் எண் ஏறும். எண் ஏற ஏறப் புதிய ஆற்றல்கள் திறக்கும். இதில்தான் இந்த ஆட்டங்களின் சுவையே இருக்கிறது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

வணிகத்தையும் இந்த ஏணியின் உச்சியில் கொண்டுபோய்க் கட்டிவைக்கிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறேன். 2011இல் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற 'ஸ்கைரிம்' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கொல்லன் கடையில் வாளும் கவசமும்தான் விற்க முடியும். மருந்துக் கடையில் மூலிகையும் மருந்துக் குப்பியும்தான். எந்தக் கடையிலும் எந்தப் பொருளையும் விற்கலாம் என்ற நிலை வர வேண்டுமானால், பேச்சுத் திறன் ஐம்பதைத் தொட வேண்டும். அதன்பிறகும் ஒரு தனிப் புள்ளியைச் செலவழித்து 'வணிகர்' என்ற ஆற்றலை வாங்க வேண்டும். ஒரு கடையில் முதல் போடுவதற்கு எழுபது. அதற்கு முன் வந்த 'ஆப்லிவியன்' (2006) ஆட்டத்திலும் ஏறத்தாழ இதே கதைதான். இன்னொரு வேடிக்கை: ஸ்கைரிமில் 'வணிகர்' ஆவதற்கு முன், எதிர்பாலரான கடைக்காரரிடம் பத்து விழுக்காடு நல்ல விலை பெறும் 'கவர்ச்சி' என்ற ஆற்றலையும் கட்டாயமாக வாங்கியாக வேண்டும்! நம் வணிகவியல் பாடத்திட்டத்தில் இந்த அத்தியாயம் விட்டுப்போனது ஏனோ?

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். வணிகத் திறன் என்பதைப் 'பேச்சு' என்ற தலைப்பின் கீழ் வைத்ததே எனக்கு உடன்பாடில்லை. விலையை வாய் சாமர்த்தியத்தால் வளைப்பவன்தான் வணிகன் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை அவர்களுக்குத் தரும் பெருமை வேறு: கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள், விலையை வெளிப்படையாகச் சொல்வார்கள். அளவும் நேர்மையுமே அங்கே வணிகத் திறன்.

இனி வழக்குக்கு வருவோம். எதிர்த்தரப்பு நண்பர்களின் முதல் வாதம் இயல்பைப் பற்றியது. "நேற்று வந்தவன் எல்லாக் கடையிலும் எல்லாவற்றையும் விற்றுவிட முடியுமா? உலகில் அப்படியா நடக்கிறது? தொழில் பழகினால்தானே தொடர்பு கிடைக்கும்?" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால், கொல்லன் மருந்தை வாங்க மறுப்பது கொல்லனின் தொழிலைப் பொறுத்தது. விற்க வந்தவனின் பேச்சு நாற்பத்தொன்பதாக இருந்தால் அவனுக்கு மருந்தால் பயனில்லை, ஐம்பதானதும் பயன் வந்துவிடுகிறது என்றால் அது எந்த ஊர் இயல்பு? கொல்லன் வாங்கமாட்டான் என்றால் யாரிடமிருந்தும் வாங்கக்கூடாது. வாங்குவான் என்றால், தெரியாத சரக்குக்குக் குறைந்த விலை சொல்லி எல்லாரிடமிருந்தும் வாங்க வேண்டும்.

"பலசரக்குக் கடைக்காரர்தான் எல்லாவற்றையும் வாங்குகிறாரே, புதியவன் அங்கே போகட்டுமே" என்பது அடுத்த வாதம். உண்மைதான், வாங்குகிறார். ஆனால், அவர் பெட்டியில் இருக்கும் காசு சொற்பம். நாலு பொருள் விற்றவுடன் பெட்டி காலி. மறுபடி நிரம்ப ஆட்டக் கணக்கில் இரண்டு நாள் ஆகும். இதற்கிடையில் சுமைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்புக்கு மேல் தூக்கினால் ஓட முடியாது. ஆகவே, காசு அதிகம் தேவைப்படும் தொடக்க நாளில், கை நிறையச் சரக்கோடும் வெறும் மடியோடும் அவன் நிற்கிறான். பேச்சின் எண்ணோ விற்க விற்கத்தான் ஏறும். விற்றால்தான் தகுதி வரும், தகுதி வந்தால்தான் விற்கலாம்! கதவு திறக்கிற நேரத்தில் அவனிடம் பொன் குவிந்திருக்கிறது. அந்த ஆற்றலுக்கு அப்போது தேவையே இல்லை.

கையில் சரக்கு, வாங்க ஆள் ஒன்று. இந்த நிலை எனக்கு ஆட்டத்தில்தான் அறிமுகமாக வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். என் தாய்மாமனும் அந்தக் கிழங்கைத்தான் நம்பியிருக்கிறார். நெல்லை மூட்டை கட்டி வைத்து விலை பார்க்கலாம். மரவள்ளியை அப்படி வைக்க முடியாது. மண்ணிலிருந்து பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கின் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடும், மாவு கெடும். சமையலுக்குப் போகும் கொஞ்சத்தை ஒதுக்கிவிட்டால், மீதிக்குக் கடை ஒன்றே ஒன்று: சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகள். கிழங்கில் உள்ள மாவுச்சத்தை அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். அளப்பது ஆலை, எடை போடுவது ஆலை, ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிவு சொல்வதும் ஆலையே. ஒருமுறை மாமாவோடு நானும் லாரியில் போயிருந்தேன். வாசலில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, மாலையில் அவர்கள் சொன்ன பாயிண்டுக்குத் தலையாட்டிவிட்டு வந்தோம். மாமாவுக்குப் பேசத் தெரியாதா? ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. திருப்பி ஏற்றிக்கொண்டு போக இடமில்லாதவனுக்குப் பேச்சு நூறு இருந்தாலும் ஒன்றுதான்.

அதே ஆலைகளின் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கென்று 1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சரக்கைக் கிடங்கில் வைத்து, பல வியாபாரிகள் ஒப்பந்தப்புள்ளியில் போட்டியிட விற்கிறார்கள். ஆலைக்காரர் பேச்சில் வல்லவரா, மௌனியா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். 1933ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழி வந்தவைதாம் இன்று கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர் மக்காச்சோளமும் பருத்தியும் கொண்டுபோகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள். அங்கே உரிமம் வாங்க வேண்டியவர் வியாபாரி. விளைவித்தவருக்கு உரிமம் தேவையில்லை. சந்தைக் கட்டணமும் வாங்குகிறவரிடமே பெறப்படுகிறது. விவசாயி குவியலைக் கொட்டிவிட்டு நிற்கலாம். வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலையை எழுதிப் போடுவார்கள். 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. தன் நிலத்தில் காய்கறி விளைகிறது என்று காட்டினால் அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசும் அங்கேயே தருவார்கள். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பேரம் பேசத் தெரியாத பாட்டியும் முதல் நாளே முழு விலைக்கு விற்கலாம். இந்தக் கூடங்களில் குறைகள் உண்டு. அவற்றை எழுதப் போனால் மலர் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும். ஆனால், பூட்டை எந்தப் பக்கம் போடுவது என்பதில் அவற்றை வகுத்தவர்கள் தெளிவாக இருந்தார்கள். வாங்குகிறவன் பக்கம் போட்டார்கள். ஆட்டம் செய்கிறவர்களோ விற்கிறவன் பக்கம் போடுகிறார்கள்.

எல்லாப் பூட்டையும் உடைத்தெறியச் சொல்கிறேனா? இல்லை. ஸ்கைரிமில் திருட்டுப் பொருளை, தான் முதல் போட்ட கடைக்காரரிடம் விற்பதற்குப் பேச்சு தொண்ணூறு வேண்டும். அது சரி! திருட்டுச் சரக்கை யாரிடம் நீட்டலாம் என்று அறிவது பழகிய கைகளுக்கே வரும் கலை. அதை உச்சியில் வைத்ததில் பொருள் இருக்கிறது. நேர்வழியில் கிடைத்ததை விற்பதும் களவை விற்பதும் ஒரே ஏணியில் அடுத்தடுத்த படிகளாக இருப்பதுதான் பொருந்தவில்லை.

ஒருவரோடு ஒருவர் இணையத்தில் ஆடும் ஆட்டங்களின் கதை வேறு. அங்கே எதிர்த்தரப்புக்கு வலுவான காரணம் உண்டு. எந்திர ஆட்டக்காரர்களை ஆயிரக்கணக்கில் இறக்கிப் பொன்னைக் குவித்து, அதை உண்மைப் பணத்துக்கு விற்கும் கூட்டங்கள் இருக்கின்றன. இவர்களை ஒழிக்க, 'ரூன்ஸ்கேப்' என்ற ஆட்டத்தை நடத்திய ஆங்கில நிறுவனம் 2008 தொடக்கத்தில் ஆடுவோருக்கிடையே தாராளமாகக் கொடுத்து வாங்குவதையே தடுத்துவிட்டது. நண்பனுக்கு ஒரு வாளை அன்பளிப்பாகத் தரவும் வழியில்லாமல் போயிற்று. ஆடுகிறவர்கள் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் நிறுவனமே வாக்கெடுப்பு நடத்தி, 2011 பிப்ரவரியில் தடையை நீக்கியது. 'போக்கிமான் கோ' 2018இல் பரிமாற்றத்தைக் கொண்டுவந்தபோது பத்தாம் நிலையை வாசலாக வைத்தது. மனிதன் ஒருவன் சில நாள் ஆடினாலே எட்டிவிடும் நிலை அது. இந்த அளவு வாசற்படியை நான் எதிர்க்கவில்லை. அது வந்தவன் மனிதன்தானா என்று பார்க்கிறது. அவன் வல்லவனா என்று கேட்கவில்லை.

"எல்லாரும் விற்கலாம் என்றால் வணிக வேடம் கட்டியவனுக்கு என்ன மதிப்பு?" என்று வணிகவியல் நண்பர் ஒருவரே என்னை மடக்கினார். 2003 முதல் நடந்துவரும் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி ஆட்டத்தைக் காட்டினேன். அங்கே முதல் நாள் வந்தவனும் எதையும் சந்தையில் விற்கலாம். ஆனால், ஒரே நேரத்தில் ஐந்து விலைக்குறிப்புகள்தாம் போட முடியும். வணிகத் திறன் ஒவ்வொரு படி ஏறும்போதும் நான்கு கூடும். இன்னும் பழகினால், தொலைவில் இருந்தபடியே விற்கலாம், கட்டணம் குறையும். சிறுவயதில் நாம் தரையில் விரித்து ஆடிய 'பிசினஸ்' அட்டையும் அப்படித்தானே? முதல் பகடையிலேயே பம்பாயை வாங்கலாம். வாங்கியதை வைத்துப் பிழைப்பதில்தான் அக்காவின் திறமையும் தம்பியின் அழுகையும் வெளிப்படும்.

கணினி பயிலும் நம் நண்பர்கள் சிலர் சிறு ஆட்டங்களைச் செய்யத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் கொல்லன், முதல் நாள் ஆட்டக்காரன் நீட்டும் மருந்துக் குப்பியையும் வாங்கட்டும். கால் விலை கொடுக்கட்டும். பழகப் பழக அரை விலை, முக்கால் விலை என்று ஏற்றட்டும். கால் விலைக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாள் வாங்குவதா, ஆற்றைக் கடந்து மருந்துக் கடைக்கு நடப்பதா என்பதை ஆடுகிறவன் பார்த்துக்கொள்வான்.