மார்பக அறுவை சிகிச்சை: யாரிடம், எதை நம்பி?

ஒரு செல்போன் வாங்குவதென்றால் கூட நான்கு கடை ஏறி இறங்கி, வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்கிறோம். உடம்புக்குள் வருடக்கணக்கில் இருக்கப் போகிற ஒரு பொருளுக்கு மட்டும் பளபளப்பான விளம்பரமும் "முன்பு - பின்பு" புகைப்படங்களும் போதுமானதாகி விடுகின்றன!

மார்பகத்தைப் பெரிதாக்கிக் கொள்வது சரியா, தவறா என்பது வேறு விவாதம். அது அந்தப் பெண்ணின் உடம்பு, அவருடைய முடிவு. ஆனால் முடிவெடுத்த பிறகு பெரும்பாலும் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு பெரிதாகும்? எவ்வளவு செலவாகும்? பத்து வருடம் கழித்து ஏதாவது கோளாறு வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் விட முக்கியமானது.

இதற்கு பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனத்தின் கதையே சாட்சி. ஜான் குளோத் மாஸ் என்பவர் 1991ல் தொடங்கிய நிறுவனம் அது. மருத்துவத்துக்கு அனுமதிக்கப்பட்ட சிலிக்கோனுக்குப் பதிலாக, செலவை மிச்சப்படுத்த தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவு சிலிக்கோனை உள்ளே நிரப்பி விற்றது. ஐரோப்பிய தரச் சான்றிதழும் இருந்தது. ஆய்வாளர்கள் வரும்போதெல்லாம் ஆதாரங்களை ஒளித்து வைத்து விடுவார்களாம்! 2010ல் குட்டு வெளிப்பட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. 2011 டிசம்பரில், சுமார் 30,000 பிரெஞ்சுப் பெண்கள் அவற்றை எடுத்துவிடுவது நல்லது என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. மாஸுக்கு 2013ல் நான்கு வருட சிறைத் தண்டனை கிடைத்தது.

முத்திரை இருந்தும் ஏமாற்றப்பட்டதில் அந்தப் பெண்களின் தவறு எதுவும் இல்லை. அவர்களுக்கு அதை வைத்த மருத்துவர்களுக்கே தெரியாது. ஆனால் விஷயம் வெளியான பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் பல்லாயிரம் பெண்கள் தங்களுக்கு அறுவை செய்த தனியார் கிளினிக்குகளைத் தேடிப் போனார்கள். சில கிளினிக்குகள் இலவசமாக எடுத்துக் கொடுத்தன. சில கையை விரித்தன. சில மூடப்பட்டே விட்டன. கடைசியில் அரசு மருத்துவத் துறைதான் முன்வந்தது. அதுவும் இங்கிலாந்தில் எடுப்பதற்கு மட்டும். அங்கே தனியாரிடம் வைத்துக் கொண்டவர்களுக்குப் புதிதாக வைத்துத் தரவில்லை.

எனவே தள்ளுபடி விலை, "இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால்" போன்ற சலுகைகள் உள்ள இடத்தை முதலிலேயே ஒதுக்கி விடலாம். அறுவை சிகிச்சை ஆடித் தள்ளுபடி விவகாரம் அல்ல. அடுத்தது படிப்பு. "காஸ்மெடிக் சர்ஜன்" என்ற பெயர்ப் பலகை மட்டும் எதையும் சொல்லி விடாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தப் பட்டத்தைப் போட்டுக் கொள்கிற எல்லோரும் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. இந்தியாவில் என்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டால் கோபித்துக் கொள்கிற மருத்துவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

பொருளைப் பொறுத்தவரை, உப்புநீர் வகை உடைந்தால் மார்பு சுருங்கி உடனே தெரிந்துவிடும். சிலிக்கோன் ஜெல் தொடுவதற்கு இயல்பாக இருக்கும், ஆனால் சத்தமில்லாமல் உடையும். அதனால்தான் ஐந்தாறு வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்கிறது. இந்தச் செலவை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை! மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள வகையில் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, அலர்கான் நிறுவனம் தன் பயோசெல் ரகத்தை 2019ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. எந்த வகையும் ஆயுளுக்கும் வராது என்பதை மருத்துவரே முதல் சந்திப்பில் சொல்ல வேண்டும்.

அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண் எழுதிய ஒரு அட்டை தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். பி.ஐ.பி. செய்தி வந்த நாளில், தங்களுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்றே தெரியாமல் எத்தனையோ பெண்கள் அலைந்தார்கள். இங்கிலாந்தில் இதற்கென ஒரு பதிவேடு 2016ல் தொடங்கப்பட்டது.