பொது நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது?

2023 ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாவட்டம் இருமுறை நாடெங்கும் செய்தியானது. ஜனவரி 30 அன்று தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ளும், ஆகஸ்டு மாதத்தில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலுக்குள்ளும் காவல்துறைப் பாதுகாப்புடன் தலித் மக்கள் நுழைந்தனர். தலைமுறைகளாக மறுக்கப்பட்ட வாசல்கள் திறந்ததை நாம் கொண்டாடினோம், அது சரியானதே. ஆனால் ஒவ்வோர் ஊராட்சியிலும் பொதுப் பணத்தில் எழுந்த இன்னொரு கட்டடம் இருக்கிறது. அதன் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அந்தக் கட்டடம் நூலகம்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூர், பேரூராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். இத்தகைய பேரூர்களில் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ்க் கிளை நூலகங்கள் இயங்குகின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களில் இருப்பவை ஊராட்சி நூலகங்கள். 2006 முதல் 2011 வரை நடைமுறையிலிருந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், தமிழ்நாட்டின் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு ஆளுக்கொரு நூலகம் தர முற்பட்டது. முன்னது பொது நூலகத் துறையின் பொறுப்பு. பின்னது ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. ஒன்றைப் பற்றிக் கேட்டால் மற்றொன்றைக் கைகாட்டுவதற்கு இந்தப் பிரிவினை வசதியாக இருக்கிறது.

இக்கிராமங்களுக்கு வழக்கு நிமித்தம் செல்லும் நாங்கள், பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகங்களைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஓரிடத்தில் உள்ளே ஒலிபெருக்கியும் திருவிழாச் சாமான்களும் அடுக்கப்பட்டிருந்தன. சாவி யாரிடம் என்று கேட்டபோது ஊர்த் தெருவின் ஒரு வீட்டைக் காட்டினார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் காலனி மாணவி ஒருவர் எங்களிடம் சொன்னார்: “யாரும் வராதேன்னு சொன்னதில்லைங்க. ஆனா அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு சாவி கேக்கணும்.” தீண்டாமையின் இன்றைய வடிவத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் விளக்கிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் எந்த வகுப்பினரும் புழங்கத் தடையில்லை என்பதே அதன் சாரம். அரசு அதனை ஏற்று அதே ஆண்டில் ஆணை பிறப்பித்தது. 1938 இல் எம்.சி. ராஜா குடிமைத் தடைகளை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆம் உறுப்பு, அரசுப் பணத்தில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொதுமக்கள் கூடும் இடங்களில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று விதித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 2015 இல் செய்யப்பட்ட திருத்தம், எந்தப் பொது இடத்திலும் பட்டியல் சாதியினர் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பொது நூலகம் இந்த வரையறைகள் அனைத்திற்குள்ளும் அடங்கும்.

எனினும் இச்சட்டங்கள் தடுக்கும் கையைத்தான் தேடுகின்றன. கட்டடத்தை எந்தத் தெருவில் எழுப்புவது என்று தீர்மானித்த கையையும், சாவியை எந்த வீட்டில் வைப்பது என்று தீர்மானித்த கையையும் குற்றப்பத்திரிகையில் சேர்ப்பது எளிதன்று. ‘வராதே’ என்று எவரும் சொல்லாமலே ஒருவர் வராமல் போகும்படி செய்ய முடியும் என்பதை ஊர் நன்கு அறியும்.

கட்டடத்துக்குள் நடப்பவற்றுக்கும் இது பொருந்தும். கிளை நூலகம் என்பது புத்தக அலமாரி மட்டுமல்ல. அங்கே வாசகர் வட்டம் உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா உண்டு. நாளிதழ் மேசையும் அறிவிப்புப் பலகையும் உண்டு. வேலைவாய்ப்பு அறிவிப்பு, கல்வி உதவித்தொகைக்கான கடைசி நாள், மருத்துவ முகாம் போன்ற செய்திகள் ஒருவருக்கு எட்டுவதும் எட்டாமல் போவதும் அங்கே தீர்மானமாகின்றன. வாசகர் வட்டத்தில் யார் இருக்கிறார்கள், விழா மேடைக்கு யார் அழைக்கப்படுகிறார்கள், அரசே சமத்துவ நாளாக அறிவித்த ஏப்ரல் 14 அன்று அங்கு என்ன நடக்கிறது என்பவை சிறிய கேள்விகள் அல்ல.

செய்தியின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907 இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். பொதுவெளி இடம் தராத நாளில் தமக்கான வாசிப்பு வெளியைத் தாமே உருவாக்கினார்கள். இன்றைய பொதுவெளியோ நம் பணத்தில் நடக்கிறது. 1948 இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முன்னோடி நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது அது ரூபாய்க்குப் பத்துக் காசு. காலனியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் கூலித் தொழிலாளியும் அந்த நூலகத்தின் உரிமையாளரே. அவர் பிள்ளை அங்கே செல்வது யாருடைய தயவும் அன்று.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிளின்டன் என்றொரு சிற்றூர். அங்கே நடமாடும் நூலக வண்டிகள்கூட வெள்ளையருக்குச் சிவப்பு, கறுப்பினத்தவருக்கு நீலம் என்று பிரிக்கப்பட்டிருந்தன. 1964 மார்ச்சில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் அவ்வூர் நூலகத்துக்குள் சென்றனர். ஒருவர் ஒரு புத்தகம் கேட்டார். கையிருப்பில் இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. அதன் பிறகும் அவர்கள் வெளியேறாமல் அமைதியாக அங்கேயே இருந்தனர். அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்யப்பட்டு, தண்டிக்கவும்பட்டனர். 1966 இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தண்டனையை நீக்கியது. பொது நூலகத்தில் அமைதியாக இருந்து எதிர்ப்பைத் தெரிவிப்பதும் உரிமையே என்றது அத்தீர்ப்பு. சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமை, ஐவர் சென்று அங்கே இருந்த பிறகே நடைமுறைக்கு வந்தது.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே. கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் இதைத் தொடங்கலாம். முதலில், உறுப்பினராகச் சேருங்கள். வாசகர் வட்டத்தில் இடம் கேளுங்கள். அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு அளியுங்கள். உள்ளாட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, ஊராட்சி நூலகத்தின் சாவி எந்த ஆணையின்படி யாரிடம் உள்ளது, கடந்த ஆண்டில் எத்தனை நாட்கள் திறந்திருந்தது என்று கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தரும் கடமை அவர்களுக்கு உண்டு. பதில் வந்ததும், ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அதைப் படித்துக் காட்டுங்கள். சாவி தனியார் வீட்டில் இருத்தல் கூடாது, திறக்கும் நேரம் வாசலில் எழுதப்பட வேண்டும், புதிய கட்டடம் வருமாயின் காலனிக்கும் ஊருக்கும் பொதுவான இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையே கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வழக்கறிஞர்களான எங்களுக்கு அந்த ஒரு வரி போதும். நீதிமன்றத்தில் பேசுவதற்கு அங்கிருந்து தொடங்கலாம்.

கோயில் நுழைவுக்குக் காவல்துறை வாகனங்கள் வந்தன. நூலக நுழைவுக்கு அவை வரப்போவதில்லை. ஒரு மாலைப் பொழுதில் ஐந்து பேர் சென்று, நாளிதழை விரித்து, மூடும் நேரம்வரை உட்கார்ந்திருந்தால் போதும். மறுநாளும் செல்ல வேண்டும்.