ஒரு குவார்ட்டர்ல என்ன இருக்குன்னு கணக்குப் போடுவோமா?



2024 ஜூனில் நம்ம பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. அப்போ எல்லா டிவியும் மதுவைப் பத்திப் பேசுச்சு. நாமளும் பதிவு மேல பதிவு போட்டோம். ஆனா கடையில் சீல் உடையாமல் விற்கிற பாட்டிலைப் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசுறதில்லை. அதைக் குடிச்சவன் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போயிடுறான். அதனால அது செய்தி ஆகாது.

இந்தப் பதிவு தினமும் குடிக்கிறவங்களைப் பத்தி இல்லீங்க. "வாரம் முழுக்கத் தொடவே மாட்டேன் மச்சி, சனிக்கிழமை மட்டும்தான்" என்று சொல்கிற 19, 20, 23 வயசுப் பசங்களைப் பத்தி. விருத்தாசலத்தில் உங்க தெருவிலேயே நாலு பேர் இருப்பாங்க.

முதல்ல கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மி.லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படின்னா சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மி.லி., எடையில் சுமார் 60 கிராம். இரண்டு மணி நேரத்துக்குள் குடிச்சு, 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 80 மில்லிகிராமைத் தொட்டுட்டா அது மிதமிஞ்சிய குடி என்கிறது அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம். 60 கிலோ எடையுள்ள பையன் ஒரு குவார்ட்டரை ஒரே உட்காரலில் முடிச்சா அந்தக் கோட்டைச் சுலபமா தாண்டிடுவான். நம்ம நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 30 மில்லிகிராம் வரைக்கும்தான். "ஒரே ஒரு குவார்ட்டர்தானே" என்கிற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகுது. அதுக்கு மேல ஒரு ஸ்ட்ராங் பீர் வேற.

சரி, மண்டைக்குள்ள என்ன நடக்குது?

மூளை முழுசா வளர்ந்து முடிய சுமார் 25 வயசு ஆகும். கடைசியா முதிர்கிறது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்பகுதி. யோசிச்சு முடிவெடுக்கிறதும், "வேணாம், இத்தோட போதும்" என்று நிறுத்துறதும் அதோட வேலை. மூளையின் ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கிற நரம்பு இழைகள் மேல மயலின் என்கிற கொழுப்பு உறை படிஞ்சுக்கிட்டே வரும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப ஈஸி. செராமிக் யூனிட்டில் பியூஸ் கட்டையும் கம்பத்து இன்சுலேட்டரும் எதுக்குச் செய்யுறோம்? கரண்ட் போக வேண்டிய வழியை விட்டு வெளியே போகாம இருக்கத்தான். மயலினும் அப்படித்தான். கூடவே சிக்னலைப் பல மடங்கு வேகமாவும் அனுப்பும். இருபது வயசில் அந்த உறை போடுற வேலை இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்தில்தான் சனிக்கிழமை குவார்ட்டர்.

அமெரிக்காவில் 2012-ல் தொடங்கி ஐந்து மையங்களில், 12 முதல் 21 வயது வரையிலான 800-க்கும் மேற்பட்டவர்களை வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. அதில் அதிகமா குடிக்க ஆரம்பிச்சவங்களுக்கு மூளையின் முன்பகுதியில் சாம்பல் பொருள் வழக்கத்தை விட வேகமா குறைஞ்சது. இணைப்பு இழைகள் இருக்கிற வெண்பொருளின் வளர்ச்சி மந்தமானது. பகுதிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கிற விதத்தைப் பார்த்த மற்ற ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லலை. சில இடத்தில் இணைப்பு குறையுது, சில இடத்தில் கூடுது. அதே வேலையைச் செய்ய மூளை கூடுதல் ஆளைக் கூப்பிடுது போல. சிலருக்குக் குடிக்கிறதுக்கு முன்னாடியே கொஞ்சம் வித்தியாசம் இருந்ததும் உண்மை. நம்ம பக்கத்துக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை.

"நேத்து நைட் என்ன நடந்துச்சுன்னே தெரியலடா" என்று சிரிக்கிறாங்களே, அது மறதி இல்லீங்க. நினைவைப் பதிவு செய்யுற ஹிப்போகேம்பஸ் அந்த நேரத்தில் வேலை செய்யலை. பதிவே ஆகாததை எப்படி ஞாபகப்படுத்த முடியும்?

நிறுத்தினா ஓரளவு மீளவும் செய்யுது. விட நினைக்கிறவங்களுக்கு 14446 என்ற தேசிய இலவச எண் இருக்கு. தயங்காம கூப்பிடுங்க.

இப்போ அரசியல். 2003-லிருந்து சில்லறை விற்பனை அரசு கையில். 21 வயசுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு சட்டம். கவுன்டரில் வயசுச் சான்று கேட்டு யாராவது பார்த்திருக்கீங்களா? 2023 ஜூனில் 500 கடையை மூடினாங்க. ஆனா 2023-24 மது வருமானம் 45,000 கோடியைத் தாண்டியது, முந்தின வருஷத்தை விட அதிகம். சான்று கேட்காத கடைக்குப் பூட்டு, ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் குடிமீட்புப் பிரிவு. இந்த ரெண்டையும் விடாம கேட்போம்.

கேட்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. பேனர் கட்ட, கொடி நட, ராத்திரி சுவரெழுத வர்ற தம்பிகளுக்கு யார் கட்டிங் வாங்கிக் கொடுக்கிறது? எல்லாக் கட்சியிலும் நடக்குது, நம்மகிட்ட மட்டும் நடக்கலைன்னு சொன்னா கீழ கமென்ட்டில் சிரிப்பீங்க. பல பசங்களுக்கு முதல் குவார்ட்டரே தேர்தல் வேலையில் கிடைச்சதுதான். கிளைச் செயலாளர் அண்ணன்களே, அடுத்த கூட்டத்துக்கு வர்ற பசங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுங்க, டீ கொடுங்க, பெட்ரோல் காசு கொடுங்க. வேற எதுவும் வேணாம். அதுக்காக வராம போறவன் வராமலே இருக்கட்டும், கொடியை நாங்க கட்டிக்கிறோம்.