மழைக்காலமும் வியாபாரியின் மோட்டார் சைக்கிளும்

கம்பளையில் மசாலாத்தூள், பருப்பு, சவர்க்காரம் போன்ற சாமான்களை மொத்தமாக எடுத்து, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குப் போடுவதே எனது தொழில். லொறி வைக்கும் அளவுக்கு வியாபாரம் இல்லை. முச்சக்கர வண்டி சிரமப்படும் தோட்டப் பாதைகளும் அதிகம். எனவே இருபது வருடத்துக்கு மேலாக என் வியாபாரம் இரண்டு சில்லில்தான் ஓடுகிறது. முதலில் வாப்பா வைத்திருந்த பழைய ஹொண்டா கப். பிறகு 100 சீசீ பைக் ஒன்று. இப்போது அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்றில் நான் போகிறேன். மற்றதில் எங்கள் தெருப் பையன் ஒருவன் சேல்ஸ் போகிறான்.

அந்தப் பையன் ஒரு ஒக்டோபர் மாதத்தில் இரண்டு தடவை என்னிடம் சொன்னான். "முதலாளி, பின் டயர் மொட்டையாப் போயிட்டு. பிரேக் மிதிச்சா பெடல் திரும்பி வருதில்ல." நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் கேட்கிறது. "இந்த மாசம் முடியட்டும் தம்பி, பார்ப்போம்."

மாதம் முடியவில்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு நல்ல மழையில் புசல்லாவைப் பாதை வளைவு ஒன்றில் முன்னால் போன பஸ் நின்றது. இவன் பிரேக் பிடித்திருக்கிறான். பின் சில்லு வழுக்கி, பைக் ஒரு பக்கமும் இவன் ஒரு பக்கமுமாக விழுந்திருக்கிறார்கள். காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தான். அல்லாஹ்வின் உதவியால் எதிரில் வாகனம் எதுவும் வரவில்லை.

பார்க்க வந்த எல்லோரும் மழையைத்தான் குறை சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் கராஜில் பின் சில்லைக் கழற்றிய பாஸ், பிரேக் ஷூவை விரிக்கும் அந்தச் சிறிய இரும்புத் தண்டை என் கையில் தந்தார். துருப்பிடித்து அசையாமல் இறுகிப் போயிருந்தது. "இது மழை செஞ்ச வேலையில்ல முதலாளி" என்று மட்டும் சொன்னார். அதைக் கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் பூசியிருந்தால் போதும். அரை மணித்தியால வேலை.

நான் மிச்சம் பிடிக்க நினைத்தது ஒரு டயரின் விலை. கொடுத்ததோ ஆறு வாரச் சம்பளம், வைத்தியச் செலவு, நனைந்து வீணான சாமான். அதற்கும் மேலாக, சாமான் வராததால் சில கடைக்காரர்கள் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் நான்கு கடைகள் இன்றுவரை திரும்பவில்லை. அந்தப் பையனின் உம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் கடையின் தராசையும் குளிர்சாதனப் பெட்டியையும் முதலாகக் கருதுகிறார்கள். பைக்கை மட்டும் வீட்டுச் செலவோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். இலாபம் மிஞ்சினால் பார்ப்போம் என்பதே அதன் கணக்கு. இந்தக் கணக்கு பிழை என்பதே எனது அபிப்பிராயம்.

நமது ஈரவலயத்தில் வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அதன் பிறகும் மலைப்பக்கத்தில் பனியும் ஈரமும் விடுவதில்லை. இப்படியான இடத்தில் கிலோமீற்றரை மட்டும் பார்த்துச் சேர்விஸ் செய்தால் சரிவராது. துரு கிலோமீற்றர் பார்த்து வருவதில்லை. பைக் ஓடாமல் நிற்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எனவே நாள் கணக்கில் பார்க்க வேண்டும்.

அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது செயின். ஒருநாள் மழையே செயினில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். மழையில் ஓடிய அன்றே, சூடு ஆறுமுன் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தால் இரவு முழுவதும் உள்ளே இறங்கும். காலையில் புறப்படும்போது விடும் எண்ணெய் பாதையில்தான் தெறிக்கும். 1958 இல் வந்த ஹொண்டா கப்பில் செயினை முழுவதும் மூடி ஒரு கவர் வைத்திருந்தார்கள். வாப்பாவின் பைக்கில் செயின் வருடக்கணக்காக உழைத்ததன் இரகசியம் அதுதான். இன்று வாலிபர்கள் அழகுக்காக அந்தக் கவரைக் கழற்றி வீசுகிறார்கள். சேல்ஸ் பைக்கில் அதைக் கழற்ற விடாதீர்கள்.

இரண்டாவது பிரேக். சின்ன பைக்குகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்ததும் உள்ளே ஈரம் புகுந்து, பிடிக்கும்போது பிடிக்காது. கடந்தவுடன் மெதுவாக ஓடியபடி பிரேக்கை இலேசாக அழுத்திக் காயவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சில்லைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, நான் மேலே சொன்ன தண்டுக்குக் கிரீஸ் பூச வேண்டும். கிரீஸ் ஷூவில் படக்கூடாது.

மூன்றாவது ஒயில். கடைக்குக் கடை நின்று நின்று ஓடும் பைக்கில் எஞ்சின் முழுமையாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் பார்க்கும் மூடியைத் திறக்கும்போது பால் தேநீர் நிறம் தெரிந்தால், ஓடிய தூரத்தைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால் கராஜில் காட்டுங்கள். ஒரு லீற்றர் அளவு ஒயிலில் மிச்சம் பிடித்து எஞ்சினை இழப்பது வியாபாரமல்ல.

நான்காவது டயர். நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையில்தான் பாதை அதிகமாக வழுக்கும். தூசியும் சிந்திய ஒயிலும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வரும். வெள்ளைக் கோடும் பாலத்து இரும்புத் தகடும் அப்படித்தான். டயரின் பள்ளத்துக்குள் தேய்மானம் காட்டும் சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் முடியும்வரை அது பொறுக்காது.

பெற்றோல் டேங்கைப் பாதியாக வைத்திருந்தால் மேல்பக்கத்தில் ஈரம் படிந்து உள்ளே துருப்பிடிக்கும். இயன்றவரை நிரப்பி வையுங்கள். பெற்றோலை விடத் தண்ணீர் பாரம். அது அடியில் தங்கும். மழையில் பைக் இழுத்து இழுத்து ஓடினால் காபரேட்டரின் அடி ஸ்குரூவைத் திறந்து கொஞ்சம் வெளியே விட்டுப் பார்க்கலாம். பிளக் கெப்பின் றப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவழியில் நிற்பதற்குப் பல தடவை அதுவே காரணம்.

இன்னொன்று. நம்மில் பலருக்குச் சேர்விஸ் என்றால் தண்ணீர் அடிப்பதுதான். வேகமாக அடிக்கும் தண்ணீர் சில்லின் பெயாரிங்குக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் வயர் மூட்டுகளுக்குள்ளும் போய்விடும். பைக் பளபளக்கும், உள்ளே துரு தொடங்கும். சேற்றை வாளித் தண்ணீரால் கழுவித் துடைத்தாலே போதும். அதேபோல் நனைந்த பைக்கை உடனே பொலித்தீனால் மூடி வைக்காதீர்கள். காற்றோட்டத்தில் காய்ந்த பிறகு மூடுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதை விடப் புதிதாக, பெரிதாக ஒன்று எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, புதிய பைக் எடுக்கக் காத்திருந்தவர்கள் 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வருடங்களில் பழைய பைக்கைப் பராமரித்து வைத்திருந்தவன்தான் தொழில் செய்தான். 2022 இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் என் பைக்குக்கு அது 200 கிலோமீற்றர். எனது வாராந்தச் சுற்று ஓரளவுக்கு நடந்தது. பெரிய பைக் வைத்திருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். சின்ன பைக் என்பது வசதியில்லாதவனின் அடையாளம் என்று நினைப்பவர்கள் அந்த நாட்களை மறந்துவிட்டார்கள்.

செலவுக்கு எங்கே போவது என்றால், நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒரு பைக்குக்கு ஒரு நாளைக்கு 100 ரூபா, கல்லாவிலிருந்து வேறு டப்பாவுக்குப் போகிறது. மாதம் 26 நாள் என்றால் 2600 ரூபா, வருடத்துக்கு 31,200 ரூபா. இலாபத்தைப் பார்த்து எடுப்பதில்லை. கடை வாடகையைப் போல முதலில் எடுக்கிறேன். டயர் தேயும் நாளில் பணம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ப இந்தத் தொகையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பையனை வைத்து வேலை வாங்கும் முதலாளிமாருக்கு இன்னும் ஒரு பொறுப்பு இருக்கிறது. சட்டப்படி கட்டாயமான மூன்றாந்தரப்பு இன்ஷூரன்ஸ், ஓட்டுகின்ற பையனின் காயத்துக்கு எதுவும் தராது. வேலையில் ஏற்படும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதை 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே சொல்லியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் ஏறத் தயங்கும் பைக்கில் இன்னொருவருடைய பிள்ளையை மழையில் அனுப்புவது நியாயமா என்று நம்மை நாமே கேட்க வேண்டும். நல்ல மழைக் கோட்டும் சாமானை மூட நல்ல தறப்பாளும் வாங்கிக் கொடுப்பது தர்மமல்ல, தொழிலின் செலவு.

அந்தப் பையன் திரும்பவும் என்னிடம்தான் வேலை செய்கிறான். வியாழன் பின்னேரம் கடை மூடியதும் இருவரும் இரண்டு பைக்குகளையும் பார்க்கிறோம். செய்ததைச் சுவரில் தொங்கும் கொப்பியில் திகதி போட்டு அவனே எழுதுகிறான். பைக் சரியில்லை என்று அவன் சொன்னால் அன்று அது வெளியே போகாது. ஓரிரு நாள் அதனால் ஓடர் பிந்தியிருக்கிறது. கடைக்காரர்களிடம் காரணத்தைச் சொன்னேன், பொறுத்துக்கொண்டார்கள்.

இதை வாசிக்கும் முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். இன்று கடையை மூடிய பிறகு, உங்கள் பையன் ஓட்டும் பைக்கின் பிரேக் பெடலை ஒருமுறை கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். அது உடனே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.