முட்டுக்குக் கூலி பார்ப்பதா?

ஆரணியில் பட்டு நெசவாளர் வீடுகளில் ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் தளம் ஏறி வருகிறது. மழையில் பாவு நனையாமல் தறி ஓட வேண்டுமென்ற ஆசை நியாயமே. ஆயின் தளம் இறுகும்வரை அதைச் சுமந்து நிற்கும் இரும்பு முட்டுகளை மேஸ்திரியின் காரியமென்று வீட்டுக்காரர் விட்டுவிடுவதை நாம் ஒப்புவதற்கில்லை.

ஐந்து அங்குலக் கனத்தில் ஆயிரம் சதுர அடித் தளமிட்டால், கம்பியுட்பட அதன் பாரம் சுமார் 29 டன். முன்பு சவுக்குக் கழிகள் தாங்கிய இப்பாரத்தை இன்று திருகு வைத்த ஜாக்கிக் குழாய்கள் தாங்குகின்றன. 1930-களில் லண்டனில் இதைப் பரப்பிய ஸ்விஸ்காரர் வில்லியம் டி விஜியே, தம் வக்கீல் குரோவின் பெயரைக் கொண்டே இதற்கு 'ஆக்ரோ' என்று பெயரிட்டார். வக்கீலிடம் இத்தனை நன்றி பாராட்டிய கட்சிக்காரரை நாம் கண்டதில்லை!

இரும்பாயிருந்தால் மட்டும் போதாது. உரிய ஊசிக்குப் பதில் துண்டுக் கம்பியைச் செருகுவதும், அடிப்பலகையின்றி ஊறிய மண்மீது நிறுத்துவதும், குறுக்குக் குழாய் பிணைக்காமல் விடுவதும் ஆபத்து. ஒரு முட்டு நழுவினால் அதன் பாரம் அண்டையிலுள்ளவற்றின்மேல் விழும், அவையும் மடங்கும். 2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் அனல் மின்நிலையக் கட்டுமானத்தில் இரும்பு அமைப்பு சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். பெரிய வேலையிலேயே இக்கதியெனில், சிறு வீட்டைக் கேட்பானேன்?

முட்டுகளை அகாலத்தில் உருவுவது மற்றொரு கொடுமை. சாதாரண சிமெண்டுத் தளத்துக்கு, இடைவெளி 4.5 மீட்டர் வரையில் 7 நாளும், மிஞ்சினால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டுமென்பது 2000-ம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டாயின் இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டு தறிகளை அருகருகே போட அகன்ற கூடம் கட்டுவோர் இதைக் கவனிப்பார்களாக.

மேஸ்திரியை மட்டும் நாம் குறை கூறவில்லை. சதுர அடிக்கு இவ்வளவென்று மொத்தமாகப் பேசிவிட்டால், முட்டின் தின வாடகை அவர் தலையில் விழுகிறது; ஒரு நாள் முந்தி உருவினால் அவருக்கு ஒரு நாள் லாபம். ஆகையால் வாடகையைத் தனியே பிரித்து வீட்டுக்காரரே கொடுப்பதென்றும், இன்ன தேதிக்கு முன் முட்டைத் தொடலாகாதென்றும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ள வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி தரும் நகராட்சியும் அத்தாளிலேயே இந்நாட்கணக்கை அச்சிட்டுக் கொடுக்கட்டும்.