பத்து எண்டா பத்துச் செக்கனோ?

குத்துச்சண்டை நடுவர்களைப் பற்றிக் கதை வந்தால் 1927 வராமல் முடியாது. ‘டெம்ப்சிக்கு அநியாயம் செய்திட்டாங்கள், பதினாலு செக்கன் குடுத்தவங்கள்’ என்று இன்றைக்கும் யூடியூப் பின்னூட்டங்களில் ஆட்கள் பொருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதினாலு செக்கன் என்பது கிட்டத்தட்டச் சரிதான். அதிலிருந்து அவர்கள் போய்ச் சேருகிற முடிவைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

நடந்தது இதுதான். 1927 செப்டெம்பர் 22, சிக்காகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். ஏழாவது சுற்றில் ஜாக் டெம்ப்சியின் அடுக்கடுக்கான குத்துகளில் உலக சம்பியன் ஜீன் டன்னி கயிற்றோரமாக விழுகிறார். விழுத்தினவர் நடுநிலை மூலைக்குப் போனால்தான் எண்ணிக்கை தொடங்கும் என்பது விதி. டெம்ப்சி போகவில்லை, விழுந்தவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். நடுவர் டேவ் பரி அவரை மூலைக்கு அனுப்பிவிட்டு வந்து, நேரக்கணிப்பாளர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தும், திரும்ப ‘ஒன்று’ என்று தொடங்குகிறார். ஒன்பதில் டன்னி எழும்புகிறார். பத்துச் சுற்றும் முடிய, புள்ளிகளில் டன்னிக்கே வெற்றி.

அந்த மூலை விதி ஏன் வந்தது என்று யோசிக்க வேணும். 1919இல் டொலிடோவில் இதே டெம்ப்சி, ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு தரம் விழுத்தினார். வில்லார்ட் எழும்ப எழும்ப, பக்கத்தில் நின்ற டெம்ப்சி திரும்பத் திரும்ப அடித்தார். அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. 1927இல் இருந்தது. அந்த ஐந்து செக்கனைத் தொலைத்தது டெம்ப்சியின் கால்கள்தான், பரியின் வாய் இல்லை.

பரியிடம் எங்களுக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அது அடுத்த சுற்றுக்காக. எட்டாவது சுற்றில் டன்னி அடித்து டெம்ப்சி ஒரு கணம் விழுகிறார். இந்த முறை பரி, டன்னி மூலைக்குப் போகிறாரா என்று பார்க்காமல் உடனேயே எண்ணத் தொடங்கிவிட்டார். ஒருத்தருக்கு ஒரு விதி, மற்றவருக்கு இன்னொன்றோ? அநியாயம் எண்டு கத்த வேண்டிய இடம் இதுதான். டெம்ப்சி உடனே எழும்பினதால் ஒருத்தரும் அதைப் பெரிசாக எடுக்கவில்லை.

கீழே கிடக்கிறவரிடம் மணிக்கூடு இல்லை. நடுவரின் குரலும் அவர் காட்டுகிற விரல்களும்தான் அவருக்கு நேரம். தொழில்முறை வீரர் தெளிவாக இருந்தால் நாலில் எழும்பமாட்டார். முழங்காலை ஊன்றி, எட்டு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். எப்போது வேண்டுமானாலும் எழும்பியிருப்பேன் என்று டன்னி பிறகு சொன்னார். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் கேட்ட எண்ணுக்கு எழும்பினவரைப் பார்த்து ‘நீ கேட்காத எண்ணின்படி தோற்றுவிட்டாய்’ என்பது எந்த ஊர் நியாயம்?

1990 பெப்ரவரி 11, டோக்கியோவிலும் இதே கதைதான். எட்டாவது சுற்றில் மைக் டைசன் அடித்து பஸ்டர் டக்ளஸ் விழுந்தார். ஆத்திரத்தில் கையுறையால் தரையில் ஒரு குத்தும் விட்டார். மயங்கினவர் செய்கிற வேலையா அது? நடுவர் மெய்ரான் பிந்தித் தொடங்கிய எண்ணிக்கையில் ஒன்பதுக்கு எழும்பினார், பத்தாவது சுற்றில் டைசனைச் சாய்த்தார். தோற்றபின் டொன் கிங் ஸ்டொப்வோச் கணக்கோடு வந்து நின்றார். இரண்டு உலக அமைப்புகள் அந்த வெற்றியை ஏற்காமல் நிறுத்திவைத்தன. சில நாட்களில் எதிர்ப்பு பலக்க, எல்லோரும் பின்வாங்கினார்கள். நல்ல விஷயம்.

‘அப்பிடியெண்டா மேல ஒரு டிஜிட்டல் மணிக்கூட்டைப் பூட்டினா முடிஞ்சுது’ என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். நேரக்கணிப்பாளர் ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்கிறார். விழுந்த கணத்திலிருந்து அவர் எண்ண, நடுவர் அதைப் பிடித்துக்கொண்டு தொடர வேணும். அது ஒழுங்காக நடந்தால் போதும். மணிக்கூட்டால் முடியாத வேலை வேறொன்று இருக்கிறது.

இப்போது பெரும்பாலான இடங்களில் கட்டாய எட்டு உண்டு. ஆள் மூன்றில் துள்ளி எழும்பினாலும் நடுவர் எட்டு மட்டும் எண்ணியே தீருவார். சனம் கூச்சல் போடும், எண்ணுகிறதை நிறுத்தச் சொல்லும். அந்த நேரத்தில் நடுவர் பார்ப்பது கண்ணை. பார்வை நிலைக்குதா, கால் தடுமாறுதா, சொன்னது விளங்குதா, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குறாரா. எட்டுக்கும் பத்துக்கும் இடையில் ஒரு உயிரைப் பற்றி முடிவெடுக்க வேணும்.

ஏனென்றால் எழும்பி நிற்கிறது ஒரு சான்றே இல்லை. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில், ரே மான்சினியின் அடியில் பதினாலாவது சுற்றில் விழுந்த தென்கொரியாவின் கிம் டுக்கூ கயிற்றைப் பிடித்து எழும்பத்தான் செய்தார். நடுவர் சண்டையை நிறுத்தினார். சில நாட்களில் கிம் இறந்துபோனார். உலகச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்ததற்கு அந்த மரணம் ஒரு முக்கிய காரணம்.

மறுபக்கமும் உண்டு. 2018 டிசம்பர் 1, லொஸ் ஏஞ்சலிஸ். பன்னிரண்டாவது சுற்றில் டியோன்டே வைல்டரின் குத்தில் டைசன் ஃபியூரி மல்லாந்து கிடந்த கிடையைப் பார்த்து, நாங்களும் ‘சரி, முடிஞ்சுது’ என்றுதான் நினைத்தோம். எண்ணாமலே கையசைத்து நிறுத்த நடுவர் ஜாக் ரைஸுக்கு முழு அதிகாரம் இருந்தது. அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, முகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணினார். ஃபியூரி ஒன்பதில் எழும்பினார். உடனே விடவில்லை, நடக்கச் சொல்லிப் பார்த்தபிறகுதான் சண்டையைத் தொடரவிட்டார். மிச்ச நேரத்தையும் ஃபியூரி நின்று ஆடினார். சண்டை சமநிலையில் முடிந்தது.